மூடியைத் திறந்தால் யாருடைய பெயர்?

1992ஆம் ஆண்டின் ஒரு பிற்பகலில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு அண்மையில் இருந்த சிறிய கடையொன்றில், அப்பாவின் கைமணிக்கூட்டின் பின்மூடி திறக்கப்படுவதை முதன்முதலாகப் பார்த்தேன். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம் அது. உள்ளே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரிகளும் இருந்தமையால், எண்பதுகளில் ஆசையோடு வாங்கிய குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோய் வீட்டு லாச்சிகளுக்குள் கிடந்தன. அதனால், 1962இல் அப்பா தமது ஆசிரியச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய, சாவி கொடுத்தால் ஓடுகிற அந்தப் பழைய சுவிஸ் மணிக்கூடு மறுபடியும் அவருடைய கையில் ஏறியிருந்தது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பிந்தத் தொடங்கியதும், அதைத் திருத்தக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது.

கடைக்காரர் வெளிச்சத்துக்காகத் தமது மேசையை வாசலோரம் இழுத்துப் போட்டிருந்தார். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திச் சிறிது நேரம் உள்ளே பார்த்தவர், பிறகு அதை என்னிடம் தந்து, இங்கும் அங்கும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் தகட்டில் பொறித்திருந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்கச் சொன்னார். ஏ.எஸ். என்று இருந்தது. முகப்பில் பொன்னிறத்தில் எழுதியிருந்த பெயருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்பா ஏமாற்றப்பட்டுவிட்டார் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். என் முகம் மாறியதைக் கவனித்த அவர், "தம்பி, முகப்பிலை இருக்கிற பேர் விக்கிறவன்ரை பேர், இது செய்தவன்ரை பேர். கனபேர் இவனிட்டைத்தான் வாங்கினவை. அதாலைதான் இதுக்கு என்னட்டைச் சாமான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழிருந்து ஒரு பால்மாப் பேணியை எடுத்து வெள்ளைத் துணியொன்றின் மேல் மெதுவாகக் கவிழ்த்தார். இறந்துபோன முப்பது நாற்பது மணிக்கூடுகளின் உறுப்புகள் அதில் இருந்தன. அரை மணி நேரத்தில், வேறு யாரோ ஒருவருடைய மணிக்கூட்டில் ஒரு காலம் ஓடிய பாலன்ஸ் சக்கரம் அப்பாவின் மணிக்கூட்டுக்குள் ஓடத் தொடங்கியது.

ஏ.எஸ். என்பது ஏ. ஷில்ட் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள் என்பதையும், சுவிற்சர்லாந்தின் கிரென்ஹன் என்ற ஊரில் 1896இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் எண்ணற்ற மணிக்கூட்டு நிறுவனங்களுக்கு உள்ளியந்திரங்களைச் செய்து கொடுத்தது என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். என் அக்காவின் மகன் இப்போது வசிக்கும் பீல் நகரத்துக்குப் பக்கத்து ஊர்தான் அது.

இந்த ஆண்டு நான் நில அளவையாளர் சேவையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இத்தனை காலமும் எனக்கென்று விலையுயர்ந்த பொருள் எதையும் வாங்கியதில்லை. ஆனால், பற்றரியில்லாமல், சுருள்வில்லின் விசையால் மட்டும் ஓடும் நல்ல மணிக்கூடு ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்தப் பிற்பகலில் தொடங்கியது. அக்காவின் மகனான அந்த மருமகன் பாதிச் செலவைத் தான் ஏற்பதாகவும், விரும்பியதை அங்கேயே வாங்கி வருவதாகவும் சொன்னான். இருவருமாக 4,000 சுவிஸ் பிராங்கை எல்லையாக வைத்தோம். எங்கள் ரூபாயில் அது ஏறத்தாழ பதினைந்து இலட்சம். ஆகவே அவசரப்படாமல் எட்டு மாதங்களாகப் படித்தும், விசாரித்தும், பார்க்கக் கிடைத்தவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தும் வருகிறேன். இந்த எட்டு மாதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 'இன்ஹவுஸ்' என்ற சொல்தான். மணிக்கூட்டின் இயந்திரத்தை அதே நிறுவனம் தானே வடிவமைத்துத் தன் தொழிற்சாலையிலேயே செய்திருந்தால் அது இன்ஹவுஸ். வெளியில் வாங்கிப் பொருத்தியிருந்தால் அது ஒரு படி கீழானது. மருமகன் அனுப்பிய காணொளிகளில் பாதிக்கு மேல் இதையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. "மாமா, இவ்வளவு காசு குடுத்து ஆரோ செய்த மெஷினையே வாங்கப் போறீங்கள்?" என்று அவனும் கேட்டான். அவனுக்கு அன்று தொலைபேசியில் சரியாகச் சொல்லத் தெரியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நகை செய்விக்கும் எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது கடினமன்று. பதக்கச் சங்கிலி ஒன்றைச் செய்யக் கொடுத்தால், உருக்கித் தட்டிக் கம்பி இழுப்பவர் ஒருவர், கல் பதிப்பவர் இன்னொருவர், மெருகிடுபவர் வேறொருவர். நகையோ பத்தரின் பெயரால் அல்லது கடையின் பெயரால் அறியப்படும். கல் பதித்தவர் வேறு ஆள் என்பதற்காக யாரும் அந்த நகையைக் குறைவாக மதிப்பதில்லை. அந்த வேலையில் அவர்தான் வல்லவர் என்பதால் அவரிடம் போனது என்றே கொள்கிறோம். யூரா மலைப்பகுதியின் மணிக்கூட்டுத் தொழிலும் இப்படித்தான் வளர்ந்தது. ஒரு கிராமம் பற்சக்கரம் செய்தது, இன்னொன்று முகப்புச் செய்தது, மூன்றாவது ஊரில் இருந்தவர் எல்லாவற்றையும் வாங்கிக் கோத்துத் தம் பெயரைப் போட்டார். அந்த ஏற்பாட்டின் உச்சமாக வந்தவையே ஏ. ஷில்ட், வால்ஜூ, லெமானியா, ஈ.டி.ஏ. முதலிய இயந்திர நிறுவனங்கள்.

அப்படியானால் வெளி இயந்திரம் எப்போது குறையாகப் பேசப்படத் தொடங்கியது? இதில் கலைப்பற்றுக்கு நிகராகப் பயத்துக்கும் பங்கு உண்டு. 1969 நத்தார் நாளில் யப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டபின், சுவிஸ் தொழில் சரிந்தது. 1983இல் இரண்டு பெரும் கூட்டு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, பின்னாளில் சுவாட்ச் குழுமம் என்று பெயர்பெற்ற அமைப்பு உருவானபோது, மிஞ்சியிருந்த இயந்திர உற்பத்தியின் பெரும்பகுதி அதன் கிளையான ஈ.டி.ஏ.யின் கைக்குள் வந்து சேர்ந்தது. போட்டி நிறுவனங்களும் அங்கேயே வாங்கின. 2002இல், வெளியாருக்கு முழுமையடையாத இயந்திரத் தொகுதிகள் வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக ஈ.டி.ஏ. அறிவித்தது. சுவிஸ் போட்டி ஆணைக்குழு தலையிட்டு அந்த நிறுத்தத்தைத் தள்ளிப்போட்டதே தவிர, இனி அடுத்தவன் கிணற்றை நம்பித் தோட்டம் செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வசதி உள்ளவர்கள் சொந்தக் கிணறு வெட்டினார்கள். செல்லிட்டா என்ற நிறுவனம், அதுவரை ஈ.டி.ஏ.க்காகக் கோத்துக் கொடுத்த அனுபவத்தைக் கொண்டு, காப்புரிமை முடிந்த இயந்திரங்களைத் தானே செய்யத் தொடங்கியது. சொந்தக் கிணறு வெட்டிய செலவை விலையில் ஏற்ற வேண்டியிருந்தவர்களுக்கு, 'சொந்தம்' என்பதையே பெருமையாகப் பேசுவது வசதியாயிற்று. அந்தப் பெருமை முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வாங்குபவன் அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால், மணிக்கூட்டு ஆர்வலர்கள் தெய்வமாகக் கொண்டாடும் படைப்புகள் சிலவற்றின் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது அயலார் இயந்திரம். 1972இல் வந்த ஓடமார் பிகேயின் றோயல் ஓக், 1976இல் வந்த பட்டெக் பிலிப்பின் நோட்டிலஸ், 1977இல் வந்த வஷெரொன் கொன்ஸ்டன்டைனின் 222 ஆகிய மூன்றும், ஜேகர் லெகூல்ட் செய்த 920 என்ற ஒரே மெல்லிய இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டவை. நாட்காட்டியோடு சேர்த்தே அதன் தடிப்பு 3.05 மில்லிமீற்றர்தான். அதைச் செய்த ஜேகர் லெகூல்ட் தன் பெயரிட்ட மணிக்கூட்டில் அதை ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்பது நான் படித்த செய்திகளில் மிகவும் வியந்த ஒன்று. பட்டெக் பிலிப் 1941இல் வெளியிட்ட 1518 என்ற மாதிரியின் அடிப்படை இயந்திரம் வால்ஜூவிடமிருந்து வந்தது. துருப்பிடிக்காத உருக்கில் செய்யப்பட்ட 1518 ஒன்று 2016இல் ஜெனீவா ஏலமொன்றில் 1.1 கோடி பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியவர் உள்ளே இருப்பது வால்ஜூ என்று அறியாமல் வாங்கியிருக்கமாட்டார்.

சொந்த இயந்திரத்தின் பெருமைக்கும் இரவல் இயந்திரத்தின் பெருமைக்கும் ஒருங்கே சாட்சியாக நிற்பது செனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ. 1969இல் வந்த அந்த இயந்திரத்தின் பாலன்ஸ் மணிக்கு 36,000 தடவை துடிக்கிறது. அதாவது செக்கனுக்குப் பத்துத் துடிப்பு, ஆகையால் செக்கனின் பத்தில் ஒரு பங்கை அளக்கலாம். குவாட்ஸ் அலையில், 1975இல், அமெரிக்க உரிமையாளர்கள் இந்த இயந்திரங்களின் உற்பத்தியை நிறுத்தி, அச்சுகளையும் கருவிகளையும் கழித்துவிடச் சொன்னார்கள். லெ லொக்கிளில் இருந்த தொழிற்சாலையில் பணிபுரிந்த ஷார்ல் வெர்மோ என்பவரின் மனம் அதற்கு ஒப்பவில்லை. வெட்டும் அச்சுகளையும் வரைபடங்களையும் சிறுகச் சிறுக மேல்மாடத்துக்குத் தூக்கிச் சென்று, எது எதற்கு உரியது என்று குறிப்பெழுதி, அங்கே மறைத்து வைத்தார். எண்பதுகளில் மீண்டும் தேவை வந்தபோது, புதிதாகத் தொடங்கவேண்டிய வேலை அவரால் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதன்பின் 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸ் நிறுவனம் தன் டேடோனா மணிக்கூட்டுக்குள் வைத்தது இந்த எல் பிரிமேரோவையே. துடிப்பை 28,800ஆகக் குறைத்துத் தன் தேவைக்கு ஏற்ப வெகுவாக மாற்றியமைத்துக்கொண்டது. 2000இல்தான் டேடோனாவுக்கு ரோலெக்ஸின் சொந்த இயந்திரமான 4130 வந்தது.

வெர்மோவைப் பற்றி முதன்முறை படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்து மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் மணிக்கூட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன பொருள்களில் அந்தப் பால்மாப் பேணியும் ஒன்று. பின்னர் அவர் சொல்லித்தான் அறிந்தேன். கடையையும், மேசையையும், சுவர் மணிக்கூடுகளையும் விட்டுவிட்டுப் பேணியைக் கொண்டுபோனார். ஊர் திரும்பியதும் அந்தப் பேணியிலிருந்தே மறுபடி கடையைத் தொடங்கினார். இந்த இரண்டு மனிதர்களும் என் மனதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இனி, 'சொந்தம்' என்ற சொல் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கலாம். இயந்திர மணிக்கூட்டில் நேரத்தைத் தீர்மானிப்பது பாலன்ஸ் சக்கரமும் அதனோடு இணைந்த, மயிர்போல் மெல்லிய சுருள்வில்லான மயிர்ச்சுருளும்தான். மற்றவை அதற்கு விசை கொண்டுபோகும் வழிகள். அந்தச் சுருள் வெப்பத்தில் தளர்ந்தால் மணிக்கூடு பிந்தும். இதற்குத் தீர்வு கண்டவர் சுவிற்சர்லாந்தில் மணிக்கூடு செய்வோர் குடும்பத்தில் பிறந்த ஷார்ல் எதுவார் கியோம் என்ற பௌதிக விஞ்ஞானி. அவருடைய பெயரை நான் மணிக்கூட்டு வழியாக அறியவில்லை. நில அளவையில் அடிக்கோட்டை நுட்பமாக அளக்க, வெயிலில் நீளம் மாறாத இன்வார் நாடாவைப் பயன்படுத்துவார்கள் என்று பயிற்சிக் காலத்திலேயே படித்தோம். அந்த இரும்பு-நிக்கல் கலப்புலோகத்தைக் கண்டறிந்தவர் அவர்தான். அதே வழியில், வெப்பம் ஏறினாலும் மீள்தன்மை மாறாத எலின்வாரையும் உருவாக்கி, மயிர்ச்சுருளுக்கு வழி காட்டினார். 1920இல் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று சுவிஸ் மணிக்கூடுகளில் பெரும்பாலானவற்றின் மயிர்ச்சுருள், அதே வழியில் பின்னர் வந்த நிவரொக்ஸ் என்ற கலப்புலோகம். அதைச் செய்வது சுவாட்ச் குழுமத்தின் ஒரு நிறுவனம். ஆகவே 'முழுவதும் எங்கள் தயாரிப்பு' என்று விளம்பரம் செய்யும் பலருடைய இயந்திரத்தின் இதயம் வெளியில் வாங்கியது. அதையும் தாமே செய்பவர்கள் ரோலெக்ஸ், சீக்கோ போன்ற மிகச் சிலரே.

டியூடர் நிறுவனத்தின் கதையும் இதற்குப் பொருத்தமானது. பிளாக் பே 58க்குள் இருக்கும் எம்.டி. 5402 என்ற இயந்திரம் 70 மணி நேரம் ஓடும். சிலிக்கன் மயிர்ச்சுருள் கொண்டது. நேரத் தரச் சான்றிதழும் உண்டு. அதைச் செய்வது கெனிஸ்ஸி என்ற நிறுவனம். டியூடர் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பிரெஞ்சு ஆடை அலங்கார நிறுவனமான ஷனெலுக்கும் பங்கு உண்டு. பிறைட்லிங், நோர்கேன் போன்ற வேறு பெயர்களுக்கும் அது இயந்திரங்கள் கொடுக்கிறது. இது சொந்தமா, பொதுவா? எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. பலர் வாங்குகிற இயந்திரம் நீண்ட நாள் செய்யப்படும், உதிரிப்பாகமும் நீண்ட நாள் கிடைக்கும். ஆனால், இதை இன்ஹவுஸ் என்று புகழ்ந்துவிட்டு, ஈ.டி.ஏ. இயந்திரத்தை இரவல் என்று இகழ்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சொந்த இயந்திரம் உண்மையிலேயே பொருள்படும் இடங்களையும் சொல்லவேண்டும். கிராண்ட் சீக்கோவின் 9எஸ் வகை இயந்திரங்களைச் செய்பவர்கள், சுருளின் உலோகம் வரை தாமே ஆக்கி, ஒவ்வொன்றையும் ஆறு நிலைகளில் 17 நாள்கள் சோதிக்கிறார்கள். ஒமேகா, ஆங்கிலேயரான ஜோர்ஜ் டானியல்ஸ் கண்டுபிடித்த கோ-அக்சியல் விடுவிப்பியை (சுருள்வில்லின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடும் பகுதி) 1999இல் கொண்டுவந்து, இன்று 15,000 கௌஸ் என்ற மிக வலிய காந்தப் புலத்திலும் தடுமாறாத மணிக்கூடுகளைச் செய்கிறது. அதன் முதல் கோ-அக்சியல் இயந்திரம் ஈ.டி.ஏ. 2892ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன். ஜேர்மனியின் கிளாஷுட்டில் இருக்கும் நோமோஸ் என்ற சிறிய நிறுவனம், தன் சொந்த விடுவிப்பித் தொகுதியை 2014இல் வெளியிட்டது. இவர்கள் யாவரும் வாங்கமுடியாத ஒன்றைச் செய்யவேண்டியிருந்ததால் செய்தவர்கள். வாங்கக்கூடிய ஒன்றையே சற்று மாற்றித் தம் பெயரில் செய்து, இரு மடங்கு விலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது இந்த இரண்டையும்தான்.

இதெல்லாம் ஜெனீவாவில் இருப்பவருக்கும் பொருந்தும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் சித்திரை வெயிலில், கடற்காற்றின் உப்பிலும் வியர்வையிலும் ஒரு மணிக்கூடு நாள் முழுதும் கிடக்கிறது. உள்ளே இடப்பட்ட நுண்ணிய எண்ணெய் துளித்துளியாக வற்றுகிறது அல்லது தடிக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி எண்ணெய் இடவேண்டும். சுவிஸ் காலமானிச் சோதனையான கோஸ்க்கில் 15 நாள்கள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 பாகை வெப்பநிலைகளில் பார்த்து, நாளுக்கு 4 செக்கன் பிந்துவதற்கும் 6 செக்கன் முந்துவதற்கும் இடைப்பட்டதாக இருந்தால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 86,400 செக்கன்கள் கொண்ட ஒரு நாளில் ஐந்து செக்கன் பிழை என்பது, அளவையாளன் கண்ணுக்குக் கைகூப்பத்தக்க நுட்பம். ஆனால், அந்த 38 பாகை எங்களுக்குச் சோதனைக்கூடத்தின் கடைசிப் படியன்று. வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பற்றியவருக்கு அது தெரியும். புதிய மணிக்கூட்டின் சான்றிதழை விட, ஆறாம் ஆண்டில் அதை யார் திறப்பார் என்பதே இங்கே பெரிய கேள்வி.

பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் என் நண்பர் ஒருவர், சொந்த இயந்திரம் கொண்ட மிக அழகான மணிக்கூடு ஒன்றை வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கி வந்தார். ஏழாம் ஆண்டில் அது நின்றது. கொழும்பில் அவர் அணுகிய திருத்தும் நிலையத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு உதிரிப்பாகமோ கருவியோ தம்மிடம் இல்லை, செய்தவர்களிடமே அனுப்பவேண்டும் என்றார்கள். போய்வர பதினொரு மாதங்கள் ஆயின. கட்டணம் வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு அவர் அதை விசேடங்களுக்கு மட்டும் கட்டுகிறார்; பழுதாகிவிடும் என்ற பயம் அவருடைய முகத்தில் தெரிகிறது. அந்த இயந்திரத்தில் குறையில்லை. அதைச் செய்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவருக்கு வினையாயிற்று.

மறுபுறம், கையசைவிலேயே தானாக முறுக்கேறும் ஈ.டி.ஏ. 2824ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வைக் குறைக்கும் 25 கல், மணிக்கு 28,800 துடிப்பு, ஏறத்தாழ 38 மணி நேர ஓட்டம், 4.6 மில்லிமீற்றர் தடிப்பு. இதில் மெச்சுவதற்கு எதுவும் இல்லை என்பார்கள். செல்லிட்டாவின் எஸ்.டபிள்யூ. 200 ஒரு கல் கூடுதலாக 26 கல்லுடன் வரும் அதே அமைப்பு. பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சீனத்திலும் இதன் நகல்கள் ஓடுகின்றன. இலட்சக்கணக்கானவை உலகெங்கும் ஓடுவதால், இதன் பலவீனமும் எல்லோருக்கும் தெரியும்: கையால் அடிக்கடி சாவி கொடுத்தால் அதற்குரிய பற்சக்கரம் தேயும், ஆகவே கையை அசைத்து ஓடவிடுங்கள் என்று பழகிய திருத்துநர் முதலிலேயே சொல்லிவிடுவார். குறை தெரிந்த இயந்திரத்தோடு வாழ்வது எளிது என்பது என் எண்ணம்.

கடந்த மாதம் எங்கள் மணிக்கூட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். கடையில் இப்போது அவரிடம் பழகிய ஒருவர் கைத்தொலைபேசி திருத்துவதும் பற்றரி மாற்றுவதுமாக இருக்கிறார். இவர் காலையில் மட்டும் வந்து இரண்டு மணி நேரம் இருப்பார். நான் படங்களைக் காட்டினேன். டியூடரின் இயந்திரத்தை வெகுநேரம் பார்த்து, வேலைப்பாடு சுத்தம் என்றார். ஆனால், தம் மேசைக்கு வராது என்றும் சொன்னார். நோமோஸின் மெல்லிய இயந்திரம் அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அழகில் அதுவே மனத்துக்கு நெருக்கம். ஆனால், 30 மீற்றர் நீர்த்தடுப்பு மட்டுமே கொண்ட அதன் மெல்லிய வடிவங்களை, கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் திரியும் என் கையில் கட்டிப் பாழாக்க மனம் வரவில்லை. கிராண்ட் சீக்கோ எங்கள் எல்லையைத் தாண்டியது. லொஞ்சீனைப் பார்த்தபோது, ஈ.டி.ஏ. அதற்கென்றே தனியாகச் செய்து கொடுக்கும், 72 மணி நேரம் ஓடும் இயந்திரம் நல்ல நடுவழியாகப் பட்டது; ஆனால், தனக்கென்றே செய்யப்பட்டதற்கு உதிரிப்பாகமும் அதே ஒற்றைக் கதவின் வழியாகவே வரும்.

கடைசியில் தராசில் நின்றது ஒரே மணிக்கூடு, இரண்டு இயந்திரங்கள். 1904 முதல் ஹோல்ஸ்டைன் என்ற கிராமத்தில் மணிக்கூடு செய்துவரும் ஓரிஸ் நிறுவனம், 300 மீற்றர் நீர்த்தடுப்புள்ள தன் அக்விஸ் வகையை இரு விதமாக விற்கிறது: ஒன்றில் செல்லிட்டா இயந்திரம், மற்றதில் 2020இல் வெளியிட்ட கலிபர் 400 என்ற தன் சொந்த இயந்திரம். பின்னதற்கு ஆயிரம் பிராங் அளவில் கூடுதல் விலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே சொந்த இயந்திரத்தின் பெறுமதி என்ன என்ற கேள்வியை இவ்வளவு துலக்கமாக வேறெதுவும் என் முன் வைக்கவில்லை.

கலிபர் 400ஐ நான் இலேசாக ஒதுக்கவில்லை. ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் ஓடும், காந்தத்துக்கு அசையாது, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து துப்புரவு செய்தால் போதும் என்று செய்தவர்களே சொல்லி, பதிவு செய்தவர்களுக்குப் பத்து ஆண்டு உத்தரவாதமும் தருகிறார்கள். கைத்தொலைபேசி உறைகளில்கூடக் காந்தம் இருக்கும் இந்நாளில் அது சிறு விடயமன்று. சொந்த இயந்திரத்தை வெறும் பெருமையாக அல்லாமல், வாங்குபவனுக்குப் பயனாக மாற்றியிருக்கிறார்கள் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். என் மகள் கனடாவிலோ மருமகன் பீலிலோ வாங்குவதாக இருந்தால், அதையே வாங்கு என்பேன்.

ஆனால், நான் இங்கே இருக்கிறேன். பத்து ஆண்டு உத்தரவாதம் முடியும்போது எனக்கு எழுபது. அதற்குப் பிறகும் அது ஓடவேண்டும், மகளின் மகன் கையிலும் ஓடவேண்டும் என்பதே என் விருப்பம். அந்த நாளில் ஹோல்ஸ்டைனுக்கு அனுப்பாமல், கொழும்புப் புறக்கோட்டையில் தேடினால் ஒரு பற்சக்கரம் கிடைக்கவேண்டும். ஐந்து நிமிட விளக்கத்தில் ஓர் இளம் திருத்துநருக்கு அது பிடிபடவேண்டும். எதுவும் இல்லாவிட்டால், முழு இயந்திரத்தையுமே கழற்றி இன்னொன்றைப் பொருத்தக்கூடியதாக இருக்கவேண்டும். காந்தம் பிடித்தால், காந்தம் நீக்கும் சிறு பெட்டி எங்கள் மணிக்கூட்டுக்காரரின் மேசையிலேயே இருக்கிறது. 40 மணி நேரம் ஓடினால் எனக்குப் போதும். தினமும் கட்டுகிற மணிக்கூடு. மிஞ்சும் ஆயிரம் பிராங்கை, இரண்டு மூன்று துப்புரவுகளுக்கென்று வங்கியில் தனியாகப் போட்டுவைப்பேன்.

செல்லிட்டா இயந்திரம் உள்ளதை வாங்கச் சொல்லி மருமகனுக்கு எழுதிவிட்டேன். அவன் முதலில் தயங்கினாலும், ஏ. ஷில்ட்டின் கதையையும் பேணியின் கதையையும் வாசித்தபின், விடுமுறை நாளில் ரயிலேறிக் கிரென்ஹனுக்குப் போய், வீதியில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்பினான். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மணிக்கூட்டைக் கொண்டுவருவான். நேரம் தவறாத அந்தக் கோயிலின் மணியோசையோடு ஒப்பிட்டு, நாளுக்கு எத்தனை செக்கன் முந்துகிறது, எத்தனை பிந்துகிறது என்று எழுத ஒரு கொப்பியும் வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அப்பாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று நேற்றுக் காலை அதற்குச் சாவி கொடுத்தேன். மாலை வரை நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. நாளை காலை பத்து மணிக்கு முன் கடைக்குக் கொண்டுபோகவேண்டும், அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.